ஒரே எழுத்து, இரண்டு ஒலி: பினாங்கிலிருந்து மக்காவு வரை

நவம்பர் 8, சனி – பினாங்கு

எங்கள் மார்த்தாண்டத்தில் காலையில் குடிப்பது சாயா. என் தோழி திருகோணமலைக்காரி, அவளுக்கு அது தேத்தண்ணி. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலேயே இந்த இரண்டு சொல்லும் எங்களுக்குள் மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டன. இரண்டும் ஒரே சீன எழுத்திலிருந்து வந்தவை என்று படித்தபிறகு, அவை கப்பலேறிய துறைமுகங்களைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. அவள் இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறாள். சந்தையில் பேசும் அளவுக்கு ஹொக்கியன் தெரியும், அது சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து வந்தவர்களின் மொழி. அதனால் அங்கிருந்தே கிளம்பினோம்.

ஜார்ஜ் டவுனில் ஒரு ‘மாமாக்’ கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகம். வெயில் மண்டையைப் பிளந்தது. பரிமாறிய பையனுக்கு ராமநாதபுரம் பக்கம். “அக்காவுக்குத் தே தாரேக்கா, தே ஓ கோசோங்கா?” என்று தமிழில்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வியில் ஊரெல்லாம் இருக்கிறது. ‘தே’ ஹொக்கியன் மொழியிலிருந்து மலாய்க்கு வந்தது. ‘ஓ’ என்றால் ஹொக்கியனில் கறுப்பு, அதாவது பால் இல்லாதது. ‘கோசோங்’ மலாய், காலி என்று பொருள். இங்கே சர்க்கரை இல்லை என்பதற்கு அப்படிச் சொல்கிறார்கள். ‘தாரேக்’கும் மலாய்தான், இழுப்பது. நம் ஊர் மாஸ்டர் ஆற்றுவதைப் போலவே இழுத்து ஆற்றுகிறார்கள். வெறும் ‘தே’ என்று கேட்டால் டின் பால் ஊற்றித்தான் வரும்.

சாயங்காலம் சீனர் கடை ஒன்றில் ‘பாக் குட் தே’ சாப்பிட்டோம். பன்றி விலா எலும்பை மூலிகை போட்டுக் கொதிக்கவைத்த சூப். பெயரின் பொருள் ‘இறைச்சி எலும்புத் தே’. சூப்பில் தேயிலை கிடையாது, பக்கத்தில் குடிக்கத் தனியாக ஒரு குவளை வைக்கிறார்கள். பூண்டு முழுசு முழுசாக வெந்து மெழுகாய்க் கரைந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

நவம்பர் 10, திங்கள் – ஷியாமென்

விமானத்தை விட்டு இறங்கியதும் காற்று. வெயில் இருக்கிறது, வியர்வை இல்லை. பழைய ஆவணங்களில் அமோய் என்று வரும் துறைமுகம் இதுதான். 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷார் திறக்கவைத்த ஐந்து துறைமுகங்களில் ஒன்று.

முதல் ஏமாற்றம் மொழியில். தோழி ஆசையாக ஹொக்கியனில் பேசினால் ஓட்டல் பெண் மாண்டரினில் பதில் சொன்னாள். டாக்சி ஓட்டிய இளைஞனும் அப்படித்தான். போதாக்குறைக்கு இவள் பேசும் பினாங்கு ஹொக்கியனில் பாதி மலாய் கலந்திருக்கிறது. ‘ஆனால்’ என்பதற்கு ‘தாப்பி’ என்றாள், எதிரே இருந்தவர் விழித்தார்.

சோங்ஷான் சாலையை ஒட்டிய சந்தில், வளைவுத் திண்ணை வைத்த பழைய கட்டடங்களுக்கு நடுவே ஒரு தேயிலைக் கடையில் நிலைமை மாறியது. கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இவள் “ஆ பேக்” (பெரியப்பா மாதிரி ஒரு மரியாதை) என்று கூப்பிட்டதும் முகம் மலர்ந்து, “லிம் தே, லிம் தே” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தே குடியுங்கள் என்று பொருள். வாங்குவீர்களா, மாட்டீர்களா என்ற கேள்வியே கிடையாது, உட்கார்ந்தால் ஊற்றுகிறார்.

அந்தக் கைவேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். துளை வைத்த மூங்கில் தட்டு, அதன்மேல் மூடி போட்ட சிறு கிண்ணம், ஒரு வாய் அளவே பிடிக்கும் கோப்பைகள். இலையைக் கிண்ணம் நிறையப் போட்டுக் கொதிநீரை உயரத்திலிருந்து விட்டார். முதல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, அதால் கோப்பைகளைக் கழுவித் தட்டிலேயே கொட்டிவிட்டார். இரண்டாவது தண்ணீரைக் கோப்பைக்குக் கோப்பை நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஊற்றினார், எல்லாருக்கும் ஒரே கடுமை வர வேண்டுமாம். இதற்குப் பெயர் ‘குவான் கோங் நகர்வலம்’. குவான் கோங் என்பது கோவில்களில் இருக்கும் சிவந்த முகத் தளபதி. கடைசியில் மிஞ்சும் சொட்டுகளையும் சமமாகப் பங்கிடுகிறார், அதற்குப் பெயர் ‘ஹான் ஷின் படையை எண்ணுகிறார்’. ஹான் ஷினும் ஒரு பழைய சீனத் தளபதி. காய்ந்த தேயிலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘தே பீ’, அதாவது தே அரிசி. அன்றாடத்துக்கு அரிசி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இதுவும் என்று அவர் சொன்னபோது நம்ப முடிந்தது.

கடைப்பலகையில் இருந்த அவர் குடும்பப் பெயரைத் தோழி வாசித்தாள். “அரசாங்கக் கார்டில் சென், வீட்டில் டான்” என்றார். எனக்கு அங்கேதான் விளக்கெரிந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் டாக்டர் பலகை, வக்கீல் பலகை எங்கும் டான். அதே எழுத்தை பெய்ஜிங்கில் சென் என்கிறார்கள். டே என்ற குடும்பப் பெயர் அங்கே ஜெங். மூங்கில் இங்கே ‘தேக்’, அங்கே ‘ஜூ’. நடு என்பது இங்கே ‘தியோங்’, அங்கே ‘ஜோங்’. தேயிலை எழுத்தும் இதே வரிசைதான், இங்கே ‘தே’, அங்கே ‘ச்சா’. ஏதோ ஒரு ஊர்க்காரர் தப்பாக உச்சரித்ததால் வந்த வேறுபாடு இல்லை. பழைய சீனத்தில் இந்தச் சொற்களின் தொடக்கத்தில் நாக்கைத் தொட்டு எடுக்கும் ட-த இன ஒலி இருந்தது. பெரும்பாலான சீன மொழிகளில் அது மெல்ல ‘ச்ச’, ‘ஜ’ என்று மாறிவிட்டது. ஷியாமென் இருக்கும் ஃபூஜியன் கரையின் ‘மின்’ என்ற மொழிக் குடும்பம், ஹொக்கியனும் அதில் ஒன்று, அந்த மாற்றத்துக்கு முன்பே கிளை பிரிந்துவிட்டது. அதனால் பழைய ஒலி இங்கே தங்கிவிட்டது. உலகத்தில் பாதிப்பேர் ‘தே’, ‘டீ’ என்று சொல்லும்போது பெய்ஜிங்கில் தொலைந்துபோன ஒரு பழைய ஒலியைச் சொல்கிறார்கள்.

நூறு கிராம் 60 யுவான் என்று ஒரு பொட்டலம் வாங்கினோம், நம் காசுக்கு 700 ரூபாய்க்கு மேல். இருபது யுவான் பொட்டலமும் நல்லதுதான் என்று அவரே முதலில் சொன்னார்.

நவம்பர் 11, செவ்வாய் – ஷியாமென்

குலாங்யூ தீவுக்குப் போகும் படகு காற்றால் தாமதம். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றதில் இடுப்பு போய்விட்டது. மோட்டார் வண்டியே இல்லாத தீவு, அழகுதான், ஆனால் அன்று தரையைவிடத் தலைகள் அதிகம். சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

மதியச் சாப்பாடுதான் இந்த நாளின் சேதி. இந்த ஊரின் பெருமை ‘ஷாச்சா’ நூடுல்ஸ். பெரிய அண்டாவில் செம்மஞ்சள் குழம்பு கொதிக்கிறது. நிலக்கடலை, காய்ந்த இறால், பூண்டு, மிளகாய் எல்லாம் அதில் அரைத்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கணவாய், ஈரல், பொரித்த டோஃபு, மீன் உருண்டை என்று தட்டுகள். விரலை நீட்டியதையெல்லாம் வேகவைத்துப் போடுகிறார்கள், போடப் போட விலை ஏறும். என் கிண்ணம் 28 யுவான்.

பெயரில் இரண்டாவது எழுத்து அதே தேயிலை எழுத்து. குழம்பில் தேயிலை ஒரு துளியும் கிடையாது. மாண்டரினில் வாசித்தால்தான் அது ‘ஷாச்சா’. ஹொக்கியனில் வாசித்தால் ‘சா தே’, நமக்கெல்லாம் தெரிந்த சாத்தே! தென்கிழக்காசியாவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய ஹொக்கியன் குடும்பங்கள் மலாய்க்காரர்களின் சாத்தே மசாலாவை ஊருக்குக் கொண்டுவந்தன. எழுதிக்காட்ட ஒலி பொருந்தும் எழுத்து வேண்டும், கைக்குக் கிடைத்தது தேயிலை எழுத்து. அப்புறம் நாடு முழுக்க அதை மாண்டரினில் வாசித்ததில் சாத்தே ஷாச்சா ஆகிவிட்டது. மலாய் ‘சாத்தே’யே தமிழ்ச் ‘சதை’யிலிருந்து வந்தது என்று கருதும் அகராதிகளும் உண்டு, அதை மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் இந்தக் கிண்ணத்துக்குள் மலாயும் சீனமும் கலந்து கொதிப்பதில் சந்தேகமில்லை.

பக்கத்து மேசைப் பாட்டி நான் மிளகாய் விழுது போடுவதைப் பார்த்துவிட்டுத் தன் மேசையிலிருந்த கிண்ணத்தையும் நகர்த்தித் தந்தார்.

நவம்பர் 12, புதன் – சுவான்சோ

ரயிலில் அரை மணிப் பயணம். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் ஸைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கையுவான் கோவில் 686இல் தொடங்கிய புத்த கோவில். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனால் பதினாறு பட்டை வைத்த இரண்டு கல் தூண்கள். அவற்றில் வட்டத்துக்குள் நரசிம்மர், கிருஷ்ணர். இடிந்துபோன ஓர் இந்துக் கோவிலின் தூண்களை எடுத்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை ஒன்று லிங்கத்துக்குப் பூச் சூட்டும் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் தோழி அசையாமல் நின்றாள். திருவானைக்கா கதை தெரியாதவர்களுக்கு அது வெறும் யானை.

இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281ஐச் சேர்ந்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலத்துக்காகத் திருக்கதலீசுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது. குப்லாய் கான் ஆண்ட காலம். அந்த வணிகர்கள் இந்தத் தெருக்களில்தான் அரிசி வாங்கியிருப்பார்கள், விலை பேசியிருப்பார்கள். அப்படிப் பேசும்போது எதிரே இருந்தவர் ஒரு கோப்பையை நீட்டி ‘தே’ என்று சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நம் மொழியில் தேயிலை ஊன்றியது ஐரோப்பியர் தோட்டம் போட்ட காலத்தில். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் முதல் தோட்டம் போட்டது 1867. காப்பிச் செடி நோயில் அழிந்ததும் மலையெல்லாம் தேயிலை ஆயிற்று. தமிழ்நாட்டிலிருந்து போன நம் சனங்கள்தான் கொழுந்து பறித்தார்கள். ஒரு சொல் நம் காதில் விழுவதற்கும் வாயில் நிலைப்பதற்கும் நடுவில் அறுநூறு வருடம்! சாமானைக் காசு கொடுத்து வாங்கும் வரை அதன் பெயருக்கு வேலை வருவதில்லை.

இரவு சிப்பி ஆம்லெட். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவு போட்டு வழவழவென்று இருந்தது. எனக்கு ஒரு வாய் போதும். தோழி தட்டைக் காலி செய்தாள்.

நவம்பர் 13, வியாழன் – ஆன்ஷி

சுவான்சோவின் மலைப்பக்கம். தியே குவான் யின் என்ற ஊலாங் தேயிலைக்குப் பேர்போன இடம். தூறல், குளிர், சாலை முழுக்க வளைவு. இலையுதிர்காலக் கொழுந்து இறங்கி முடிந்திருந்ததால் ஊரே வறுத்த பூ வாசம் அடித்தது.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினோம். முதல் கடையில் மூன்று வகை, அடுத்த கடையில் நான்கு வகை. குடிக்கக் குடிக்க ஊற்றுகிறார்கள், கோப்பை காலியாக இருப்பது அவர்களுக்குக் குறை. திடீரென்று தோழியின் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியில் வியர்வை, தலை சுற்றுகிறது என்றாள். நான் பயந்துபோனேன். கடைக்காரப் பெண் கொஞ்சமும் பதறாமல் கடலை மிட்டாயை அவள் வாயில் வைத்து, வெந்நீர் கொடுத்து, தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். வெறும் வயிற்றில் கடும் தே குடித்தால் இப்படி ஆகுமாம், அதற்குத் ‘தேயில் போதையாவது’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அரை மணியில் சரியாகிவிட்டது. அவர் வீட்டுப் பானையிலிருந்து அரிசிக் கஞ்சியும் உப்பில் போட்ட முள்ளங்கியும் வந்தன. காசு வாங்க மறுத்துவிட்டார்.

விலையெல்லாம் ‘ஜின்’ கணக்கில் இருக்கிறது. இன்றைய சீனாவில் ஒரு ஜின் 500 கிராம். பினாங்குக்காரி விடுவாளா? “ஒரு கட்டி என்ன விலை?” என்றே கேட்டாள். மலாய்க் கட்டி அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆங்கிலத்தில் தேயிலை டப்பாவைக் கேடி என்கிறார்களே, அது இந்தக் கட்டியிலிருந்து போனதுதான்.

கடைச் சுவரில் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். இதற்கு முந்தின வடிவத்தில் ஒரு கோடு அதிகம், கசப்புக் கீரை ஒன்றுக்கும் அதையே எழுதினார்கள். எட்டாம் நூற்றாண்டில் தேயிலையைப் பற்றி முதல் நூலை எழுதிய லூ யூ அந்தக் கோட்டை விட்டுவிட்டே எழுதினார், அது நிலைத்தது. சொல்லின் வேர் சீனத்தின் தென்மேற்கில் இருந்த பழங்குடி மொழிகளில் ‘இலை’யைக் குறித்த ‘லா’வாக இருக்கலாம் என்பது மொழியியலாளர் சிலரின் கருத்து. பர்மியர் தேயிலையை ‘லப்பெட்’ என்பதில் அந்த ‘ல’ இன்னும் கேட்பதாகவும் சொல்கிறார்கள். அப்படியென்றால் நம் தேயிலை, இலைக்கு மேல் இலை.

நவம்பர் 15, சனி – குவாங்சோ

காலை ஏழு மணிக்கே உணவகத்து வாசலில் தாத்தா பாட்டிகள் கூட்டம். இங்கே பேசும் சீன மொழி கான்டனீஸ், ஆகவே ‘ச்சா’. ‘யம் ச்சா’ என்றால் ச்சா குடிப்பது. போய் உட்கார்ந்தால் குடிப்பது கொஞ்சம், தின்பதுதான் அதிகம். ஆளுக்கு 8 யுவான் தேயிலைக் காசு தனி. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசை. எதிரே இருந்த பெரியவர் முதல் தண்ணீரில் கிண்ணம், கரண்டி, குச்சி எல்லாவற்றையும் அலசிக் காட்டினார், நாங்களும் அலசினோம். கெண்டியில் தண்ணீர் தீர்ந்தால் மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் போதும். யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவது நன்றி. இறால் கொழுக்கட்டை, பன்றி விலா, முட்டை டார்ட் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 96 யுவான்.

விடுதியில் ஒரு போலந்துப் பெண்ணிடம் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ‘ஹெர்பாத்தா’ என்றாள். மூலிகைக்கான லத்தீன் சொல்லும் ‘தே’யும் ஒட்டிக்கொண்டது அது.

நவம்பர் 16, ஞாயிறு – மக்காவு

ஜூஹாய் எல்லையில் நடந்தே கடந்தோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், இரண்டு மணி நேரம். மறுபக்கம் தெருப்பெயர்கள் நீல ஓட்டில் சீனத்திலும் போர்த்துக்கீசியத்திலும் இருக்கின்றன. ரொட்டிக் கடைப் பலகையில் ‘ஷா’ என்று போர்த்துக்கீசியத்தில் எழுதியிருந்தது.

‘தரைவழி போனது சாய், கடல்வழி போனது தே’ என்று ஒரு வரி வாட்ஸப்பில் சுற்றுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, முழுதும் சரியில்லை. போர்த்துக்கீசியர் 1557இலிருந்து இங்கே குடியிருந்தவர்கள், கடலோடிகள், ஆனாலும் அவர்கள் எடுத்துப்போனது ‘சா’, கடைப்பலகையில் பார்த்த அதே ‘ஷா’. சுற்றிலும் கான்டனீஸ் பேசுகிறவர்கள். டச்சுக்காரர்களோ படாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) தைவானிலும் ஹொக்கியன் வணிகர்களிடம் வாங்கினார்கள், ஆகவே ‘தே’. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் அந்த வழி. யாரிடம் வாங்கினாய் என்பதுதான் சொல்லைத் தீர்மானித்தது. பாரசீகம், ரஷ்யன், துருக்கி, இந்தி பேசுகிறவர்களுக்கு வடக்கிலிருந்து ஒட்டகமும் கழுதையும் கொண்டுவந்தன, அவர்களுக்கு ‘சாய்’.

பார்ரா கடலோரத்தில் ஆமா கோவில். மக்காவு என்ற பெயரே இந்தக் கோவிலிலிருந்து வந்தது என்பார்கள். ஆமா ஃபூஜியன் மாலுமிகளின் கடலம்மன், ‘தே’ சொல்லும் சனங்களின் தெய்வம். ஆக, போர்த்துக்கீசியர் கரையேறிய இடத்தில் ‘தே’யும் இருந்திருக்கிறது. இருந்தும் அவர்கள் ‘சா’வை எடுத்தார்கள். ஊதுவத்திப் புகையில் கண் எரிய, கோவில் படியில் உட்கார்ந்து இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

“என்ர தே ஒல்லாந்தரிட்டயிருந்து வந்ததுதான், பார்” என்றாள் தோழி. “கந்தோர் (அலுவலகம்), லாச்சி (மேசை இழுப்பறை), கக்கூஸ் எல்லாம் அவங்கட சொல்லுதானே.” எனக்கும் அது சரியென்றே படுகிறது. டச்சுக்காரர்கள் 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையை ஆண்டார்கள். சிங்களத்திலும் ‘தே’தான்.

என் சாயாவுக்கு இங்கே வேர் கிடைக்கும் என்று நம்பி வந்தேன். சாவி, சன்னல், மேசை, அலமாரி என்று போர்த்துக்கீசியர் எங்கள் கரையில் விட்டுப்போனது கொஞ்சமா? ஆனால் போர்த்துக்கீசியச் சொல்லில் யகரம் கிடையாது. சாயாவில் இருக்கிறது, பாரசீகத்திலும் இந்தியிலும் இருக்கிறது. அந்த ஒற்றை எழுத்து வடக்கையே காட்டுகிறது என்றுதான் நினைக்கிறேன். அதே சமயம் குஜராத்தியில் ‘சா’, மராத்தியில் ‘சஹா’, அங்கே ய இல்லை. மேற்குக் கரையில் ய எந்த ஊரில் நின்றுபோகிறது என்று பார்த்தால் இன்னும் தெளியும். ஜூன் மழைக்கு முன்னால் மங்களூரில் ரயிலேறி, கோவா, ரத்னகிரி என்று இறங்கி இறங்கிக் கேட்டுப் பார்க்க வேண்டும். தோழி ஏப்ரலில் லீவு போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.